விலை கேட்டவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: தேனி மாவட்டம் கம்பத்தில் பம்ப் மோட்டார், பைப், ஸ்பிரிங்ளர் விற்கும் கடை வைத்திருக்கிறோம். அப்பா தொடங்கியது, இப்போது நானும் சேர்ந்து பார்க்கிறேன். எங்கள் வியாபாரத்தில் பாதிக்கு மேல் கேரளத்து ஏலத்தோட்டங்களை நம்பித்தான். குமுளி, அணக்கரை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமிருந்து வருவார்கள். இரண்டு மூன்று வருடமாக விலை கேட்கிறார்கள், கொட்டேஷன் வாங்கிக்கொள்கிறார்கள், அப்புறம் மலை மேல் அவர்கள் பக்கத்திலேயே, கட்டப்பனையில் வாங்கிவிடுகிறார்கள். இந்தக் கோடையில் 70 பேர் போல விலை கேட்டதில் வாங்கியவர்கள் 20 பேர் இருந்தால் அதிகம். ஏன் என்று கேட்டால் 'அங்கே விலை குறைவு' என்கிறார்கள். எங்களுக்கு நிற்பதே 12 சதவீதம்தான். அதிலும் 4 சதவீதம் குறைத்துப் பார்த்தோம், எந்த மாற்றமும் இல்லை. பெரிய கொட்டேஷன் என்றால் அப்பாவிடம் கேட்டு மறுநாள் கொடுத்துவிடுவேன், தாமதம் செய்வதில்லை. ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பதால் வரித் தொல்லையும் இல்லை. இன்னும் விலையைக் குறைக்கலாமா? இல்லை குமுளியில் ஒரு கிளை போடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கம்பம்)

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். முதலில் விலைக் குறைப்பை நிறுத்துங்கள். 100 ரூபாய்க்கு விற்று 12 ரூபாய் நின்ற இடத்தில், 96க்கு விற்றால் 8 ரூபாய்தான் நிற்கும். பழைய லாபத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முன்பு 100 மோட்டார் விற்ற இடத்தில் 150 விற்றாக வேண்டும். உங்களுக்கோ விற்பனை கூடவே இல்லை. அதாவது எப்படியும் உங்களிடம் வாங்கியிருக்கக்கூடிய அந்த 20 பேருக்குத்தான் தள்ளுபடி போய்ச் சேர்ந்திருக்கிறது. போனவர்கள் அதைக் கேட்டுத் திரும்பி வரவில்லை. காரணம் விலை இல்லையோ என்று அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வாங்காமல் போனவரைப் பிடித்துக் காரணம் கேட்டால் பெரும்பாலும் விலையைத்தான் சொல்வார்கள். அதில் இரண்டு பக்கமும் யாருக்கும் சங்கடமில்லை. 'மூன்று தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை', 'கடையில் நின்ற பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை', 'என் பிளம்பருக்கு உங்கள் கடை பிடிக்காது' என்றெல்லாம் உங்கள் அப்பாவின் முகத்துக்கு நேரே எந்தத் தோட்டத்துக்காரர் சொல்வார்? நாளைக்குத் துணி எடுக்கவோ ஆஸ்பத்திரிக்கோ கம்பத்துக்கு இறங்கி வரத்தான் போகிறார், வழியில் உங்களைப் பார்க்கத்தான் போகிறார். அவர் பொய் சொல்கிறார் என்றும் நினைக்க வேண்டாம். வாங்கி முடித்த பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணமும் அதுவாக இருக்கலாம்.

அடுத்தது, வாங்காத அந்த 50 பேரையும் கட்டப்பனைக் கணக்கில் எழுதாதீர்கள். அதில் சிலர் எங்கேயுமே வாங்கியிருக்க மாட்டார்கள். ஏலக்காய் விலை 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதும், 2021-22இல் ஆயிரத்துக்குக் கீழே போனதும் உங்களுக்கே நினைவிருக்கும். விலை கையைக் கடிக்கும் வருடத்தில் புது மோட்டாருக்கு விலை கேட்டுவிட்டுப் பழையதையே ரீவைண்டிங் செய்து ஓட்டுபவர்கள் உண்டு. 2024 கோடையில் இடுக்கியில் செடிகள் காய்ந்து விழுந்ததைப் பார்த்துப் பயந்து விலை கேட்டவர்கள், மழை வந்ததும் மறந்தும் இருப்பார்கள். இன்னும் சிலர் பேங்க் லோனுக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும் என்று வருபவர்கள். வேறு சிலர் வாங்கும் கடையை முன்பே முடிவு செய்துவிட்டு, அங்கே பேரம் பேச உங்கள் கொட்டேஷனை வாங்கிப் போகிறவர்கள். இவர்களை நீங்கள் போட்டியாளரிடம் இழக்கவில்லை. இவர்கள் உங்கள் கையில் வரவே இல்லை. இவர்களை எல்லாம் கழித்தால் உண்மையில் கை நழுவியது 50 அல்ல, அதில் ஒரு பங்குதான் என்று தெரியும். அந்தப் பங்கு எந்த இடத்தில் நழுவுகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

உங்கள் கடிதத்தில் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய இரண்டு வாக்கியங்கள்தான் என் கண்ணை உறுத்துகின்றன. ஒன்று, அப்பாவிடம் கேட்டு மறுநாள் விலை கொடுப்பது. இன்னொன்று, காம்போசிஷனில் இருப்பதால் தொல்லை இல்லை என்பது.

முதலாவதைப் பார்ப்போம். மலையில் மோட்டார் வாங்குபவர்கள் இரண்டு வகை. புதிதாகத் தண்ணீர் லைன் போடுபவர் ஒருவர். அவர் நான்கு கடையில் கேட்பார், ஒரு வாரம் யோசிப்பார். மறுநாள் கொட்டேஷன் அவருக்குத் தாமதமே இல்லை. இன்னொருவர், பிப்ரவரி மாதம் ஒரு காலையில் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிப் போனவர். படுதா விரித்த குளத்தில் தண்ணீர் கிடக்கிறது, செடிக்கு ஏறவில்லை. அவர் நிற்கிற இடத்திலிருந்தே நான்கு பேருக்கு போன் போடுவார். 'இருக்கிறது, இன்ன விலை, மதியம் ஜீப்பில் ஏற்றிவிடுகிறேன்' என்று முதலில் சொன்னவரிடம் வியாபாரம் முடிந்துவிடும். உங்கள் கொட்டேஷன் மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் போகும்போது அங்கே புது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு நீங்கள் விசாரித்தால், 'அங்கே விலை குறைவு' என்பார். உங்கள் விலையை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

இதில் அப்பாவைக் குறை சொல்லவில்லை. கடன் போனது, வராதது எல்லாம் பார்த்தவர், பெரிய தொகை என்றால் ஒரு தடவை கேள் என்று சொல்வது நியாயம்தான். ஆனால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரை நீங்களே இறங்கலாம் என்று சீசன் தொடங்கும் முன் ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஒற்றை மோட்டார், அதன் ஸ்டார்ட்டர், கேபிள் போன்றவற்றுக்கு அந்த இடத்திலேயே விலை சொல்லும் அதிகாரம் போன் எடுப்பவருக்கு இருக்க வேண்டும். முழு லைன் போடும் வேலை, கடன் கேட்பவர் ஆகிய இரண்டுக்கு மட்டும் அப்பா. வீட்டுக்குள் இதைப் பேசுவது கட்டப்பனைக் கடையோடு மோதுவதைவிடக் கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

புது லைன் போடுபவரிடம் கதையே வேறு. அவர் உண்மையிலேயே விலையை ஒப்பிடுகிறார். ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறார் என்று பார்த்தீர்களா? உங்கள் கொட்டேஷனில் '10 கிலோ பைப்' (10 கிலோ அழுத்தம் தாங்குவது) என்று இருக்கும், கட்டப்பனைக் கடைக் காகிதத்தில் '6 கிலோ பைப்' என்று இருக்கும். அவர் கண் போவது கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகைக்கு. மலையில் நூறு அடி ஏற்றத்துக்குத் தண்ணீர் ஏற்றினால் பைப்பின் அடியில் ஏறக்குறைய 3 கிலோ அழுத்தம் நிற்கும். 200 அடி ஏற்றம் என்றால் 6 கிலோ. அதற்கு 6 கிலோ பைப் போட்டால் விளிம்பிலேயே ஓடும், மோட்டார் நிற்கும் ஒவ்வொரு தடவையும் வால்வில் விழும் அடியில் எங்காவது ஜாயின்ட் விடும். நீங்கள் 10 கிலோ எழுதியது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏன் எழுதினீர்கள் என்பதைக் காகிதம் சொல்லவில்லை. சொல்லாத வரை நீங்கள் வெறுமனே விலை அதிகமான கடை.

மோட்டாரிலும் இதே சிக்கல். 5 ஹெச்.பி. என்றால் எல்லாம் ஒன்று என்று வாங்குபவர் நினைக்கிறார். எத்தனை அடி ஹெட்டில் (தண்ணீர் ஏற வேண்டிய உயரம்) எத்தனை லிட்டர் தள்ளும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டு கடையின் 5 ஹெச்.பி.யும் உச்சியில் இருக்கும் ஸ்பிரிங்ளரில் ஒரே மாதிரி தண்ணீர் அடிக்காது. ஆகவே கொட்டேஷனின் தலையில், பொருள் பட்டியலுக்கு முன்னால், இரண்டு மூன்று வரி எழுதுங்கள்: குளத்திலிருந்து உச்சி வரை இவ்வளவு அடி ஏற்றம், பைப் ஓடும் தூரம் இவ்வளவு, ஒரே நேரத்தில் இத்தனை ஸ்பிரிங்ளர், அதற்காக இந்த பைப், இந்த மாடல். கூடவே, '8 கிலோ பைப் போட்டால் இவ்வளவு குறையும், இந்த ஏற்றத்துக்கு 6 கிலோ பரிந்துரைக்க மாட்டோம்' என்று ஒரு வரி. பேரம் பேச உங்கள் காகிதத்தை எடுத்துப் போனாலும் அந்த வரி அங்கே போய் உங்களுக்காக வாதாடும். மலையாளத்தில் எழுதிக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. கம்பத்தில் மலையாளம் எழுதத் தெரிந்த ஆள் கிடைப்பது அதிசயமில்லை. தோட்டத்துக்காரருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வர வேண்டும் என்றில்லை. முடிவெடுக்கும் மகன் கோட்டயத்திலோ துபாயிலோ உட்கார்ந்து அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பான்.

இனி பில். காம்போசிஷன் சிறு வியாபாரிக்கு நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை, வியாபாரிக்கு 1 சதவீத வரி, கணக்கு வேலை குறைவு. ஆனால் அதில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். பக்கத்திலேயே இருந்தாலும் குமுளி வெளி மாநிலம்தான். உங்கள் வண்டியில் ஏற்றி வண்டன்மேட்டில் இறக்கினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. கடைக்கு நேரில் வந்து எடுத்துப் போகும் சில்லறை வாடிக்கையாளர் விஷயத்திலும் 2023 அக்டோபர் முதல் ஒரு மாற்றம் இருக்கிறது: ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத வாடிக்கையாளரின் கேரள முகவரியைப் பில்லில் எழுதினால், விற்பனை கேரளத்தில் நடந்ததாகவே கொள்ளப்படும். பாதி வியாபாரம் மலைக்கு என்கிறீர்கள். உங்கள் 'தொல்லை இல்லை' எனக்குக் கவலையாக இருக்கிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விற்பனையில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். கம்பெனித் தோட்டமோ தேக்கடி ரிசார்ட்டோ, ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஒருவர் 18 சதவீத வரியுள்ள பொருளை ஒரு லட்சத்துக்கு வாங்கினால், தகுதி இருக்கும் பட்சத்தில் கட்டிய 18,000 ரூபாயைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்வார். அதற்கு முறையான வரிப் பில் வேண்டும். காம்போசிஷனில் உள்ள நீங்கள் அதைத் தர முடியாது. நீங்கள் கம்பெனியிடம் வாங்கும்போது கட்டிய வரி உங்கள் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, அவருக்கு அது திரும்ப வராது. அந்த 18,000க்கு முன்னால் உங்கள் 4 சதவீதம் வெறும் 4,000. அவருடைய அக்கவுன்டன்ட் ஒரு நிமிடத்தில் உங்கள் கொட்டேஷனை ஒதுக்கிவிடுவார். முதலாளியைக் கேட்டால் அவரும் 'அங்கே விலை குறைவு' என்பார். இந்த ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பதில் முழு உண்மை. ஆனால் நீங்கள் நினைக்கும் அர்த்தத்தில் இல்லை.

வரியை ஒட்டியே இன்னொன்று. அப்பா காலத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வரி வித்தியாசத்தில் ஓடிய வியாபாரம் கொஞ்சமிருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் ஒரு பொருளுக்கு இரண்டு பக்கமும் ஒரே வரி ஆகிவிட்டது, விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளும் போயின. கம்பனிச் சரக்கு கட்டப்பனைக்கும் கம்பத்துக்கும் ஏறக்குறைய ஒரே விலையில் வந்து இறங்குகிறது. கம்பம் என்றால் மலிவு என்ற பழைய பேர் இனி தானாக ஆள் கூட்டி வராது.

பழக்கம் அறுந்ததும் ஒரு காரணம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் குமுளிப் பாதை அடைபட்டது. 2020இல் கொரோனாவுக்கு எல்லை மூடி, பாஸ் இருந்தால்தான் போகலாம் என்றானது. அந்த நாட்களிலும் மோட்டார் கருகத்தான் செய்தது. அப்போது வேறு வழியில்லாமல் கட்டப்பனைக் கடைக்குள் முதல் தடவை நுழைந்தவருக்கு, அங்கே ஒரு குறையும் தெரியாவிட்டால் பாதை திறந்த பிறகு மலையிறங்க ஒரு காரணம் வேண்டும். பழைய வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, 2020க்குப் பிறகு ஒரு தடவைகூட வராதவர்கள் யார் என்று பாருங்கள். புது ஆட்களைத் தேடுவதற்கு முன் அவர்களுக்குப் போன் போடலாம்.

பிளம்பர், மெக்கானிக் விஷயம் எழுதாமல் விட முடியாது. 'என்ன மோட்டார் போடலாம்?' என்று தோட்டத்துக்காரர் கேட்பது உங்களை இல்லை, அவரைத்தான். கமிஷன் இருக்கிறதா என்றால் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதைப் பற்றி ஒழுக்கப் பாடம் நடத்தப் போவதில்லை, போட்டி போட்டு ஏற்றிக் கொடுக்கச் சொல்லவும் மாட்டேன். ஏற்றினால் அடுத்தவன் இன்னும் ஏற்றுவான். ஒரு பிளம்பருக்குக் கமிஷனைவிட எரிச்சல் தருவது, பாதி வேலையில் ஒரு எல்போ (பைப்பைத் திருப்பி இணைக்கும் துண்டு) குறைவது. மலையிலிருந்து அதற்காகக் கம்பத்துக்கு இறங்கி ஏற அரை நாள் போய்விடும், அன்றைய கூலியும் போய்விடும். கட்டப்பனையில் வாங்கினால் பையனை பைக்கில் அனுப்பி எடுத்துக்கொள்வார். எனவே ஒவ்வொரு லைன் வேலைக்கும் ஃபிட்டிங்ஸ் இரண்டு செட் கூடுதலாக அனுப்பி, மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வாரன்டியில் வந்த மோட்டாரை நீங்கள் எத்தனை நாளில் திருப்பித் தருகிறீர்கள் என்பதையும் அவரிடமே கேளுங்கள். அந்தப் பதில் இனிக்காது, ஆனால் அவசியம்.

இவ்வளவும் என் ஊகம்தான். நான் உங்கள் கடையைப் பார்த்ததில்லை. இதில் எது உங்கள் விஷயத்தில் பெரியது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நீள நோட்டு போதும். விலை கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: எந்த ஊர், என்ன கேட்டார், கருகிய மோட்டாரா புது லைனா, யார் அனுப்பியது, எத்தனை மணிக்குக் கேட்டார், எத்தனை மணிக்கு விலை போனது, வரிப் பில் கேட்டாரா, கடைசியில் என்ன ஆனது. மணியைக் கட்டாயம் எழுதுங்கள், தேதி மட்டும் போதாது. கடையில் கூட்டம் இருக்கும்போது எழுத மறந்துபோகும், பரவாயில்லை, சாயங்காலம் போனில் உள்ள அழைப்புகளைப் பார்த்து நிரப்பலாம்.

அப்புறம், வாங்காதவர்களில் ஒரு பதினைந்து பேருக்குப் பேசுங்கள். நீங்களும் அப்பாவும் பேச வேண்டாம். மலையாளம் சரளமாகப் பேசும், கடை முகமில்லாத ஒருவர் பேசட்டும். இந்தக் கடைக்காகத்தான் கேட்கிறேன் என்பதை மறைக்கவும் வேண்டாம். 'ஏன் எங்களிடம் வாங்கவில்லை' என்று கேட்டால் மறுபடியும் விலைதான் பதிலாக வரும். 'மோட்டார் எப்படி வாங்கினீர்கள், முதலில் யாரிடம் கேட்டீர்கள், யார் சொல்லி அந்தக் கடைக்குப் போனீர்கள், எப்போது முடிவானது, யார் வந்து மாட்டினார்கள்?' என்று நடந்ததை வரிசையாகக் கேட்கச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் எல்லோரும் சுருக்கமாகப் பேசுவார்கள், நடந்த கதையைக் கேட்டால் விரிவாகச் சொல்வார்கள். கதையில் ஒரு இடத்தில் உங்கள் கடை வந்து, அடுத்த வாக்கியத்தில் காணாமல் போகும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அதுதான் ஓட்டை. வாங்கிய 20 பேரிலும் சிலரிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். அவர்கள் ஏன் மற்ற கடையை விட்டு உங்களிடம் வந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியாத பலமாக இருக்கலாம்.

கடனைப் பற்றி இரண்டு வரி. காய் ஏலத்துக்குப் போய்ப் பணம் கைக்கு வரும் வரை பொறுக்கிற கடையை மலையில் விரும்புவார்கள். கோடையில் மோட்டார் வாங்குபவருக்கு அடுத்த காய் வர இன்னும் மாதங்கள் இருக்கும். கட்டப்பனைக் கடை அப்படிப் பொறுக்கிறது என்று போன் பேசியதில் தெரிந்தாலும், 12 சதவீதத்தில் நிற்கும் நீங்கள் அதைக் காப்பியடிக்க வேண்டாம். அந்த வாடிக்கையாளர்கள் போனால் போகட்டும்.

குமுளிக் கிளை விஷயம். நெடுங்கண்டத்துக்காரர் கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாக இறங்குபவர், குமுளியில் கடை இருப்பதால் அவருக்கு ஒரு பலனும் இல்லை. உங்கள் நோட்டில் குமுளி, தேக்கடி பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் என்று ஒரு சீசன் பார்த்துவிட்டு இதைப் பேசலாம். கேரளத்தில் கிளை என்றால் அந்த மாநிலத்தில் தனி ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். கம்பத்திலிருந்து அங்கே சரக்கு அனுப்புவதும் மாநிலம் தாண்டிய சப்ளைதான், எனவே கிளை போட்டால் காம்போசிஷன் தானாகவே போய்விடும். ஆகவே எப்படிப் பார்த்தாலும் முதல் பேச்சு ஆடிட்டரிடம். போகும்போது இந்த வருடம் கேரள முகவரி எழுதிக் கொடுத்த பில்களையும், மலைக்கு உங்கள் வண்டி போன நாட்களையும் தனியாக எடுத்துக்கொண்டு போங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு எல்லை தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) வேண்டும் என்பதையும் அவர் கேட்பார், பதில் தயாராக இருக்கட்டும்.